‘தூக்கு’ என்றால் பெடலைத்தான்

கால் இருப்பவர்கள் கையால் துடுப்புப் போடுவது எனக்கு எப்போதுமே வேடிக்கையாகத்தான் பட்டிருக்கிறது. உடம்பிலேயே வலுவான தசை தொடையில் இருக்க, அதை மடக்கி வைத்துவிட்டுத் தோளை நோகடிப்பானேன்? ஆகவே பெடல் வைத்த கயாக் படகு ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, என் தங்கையின் கணவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

நீங்கள் கேட்பது அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி என்று தெரிகிறது, ஐயா. மாப்பிள்ளை தண்ணீரில் இருக்க, நான் கரையேறியதற்கும் உங்களைத் தொலைபேசியில் அழைத்ததற்கும் இடைப்பட்ட நாற்பது நிமிடம். அதற்கு வருகிறேன். பெடலைப் புரிந்துகொள்ளாமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது.

நான் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவன். சத்தத்தை வைத்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். உங்கள் சுழல்நாற்காலிகூட ஒரு சொட்டு எண்ணெய் கேட்கிறது. போகும் முன் விட்டுத் தருகிறேன். எங்கள் கயாக்கில் இருவர் உட்காரலாம். பின்னிருக்கைக்கு எதிரே ஒரு துளை உண்டு. பெடல் கருவியை அதில் இறக்கிப் பூட்டினால் மேலே இரண்டு மிதிகள், கீழே மீனின் துடுப்பைப் போல இரண்டு தகடுகள். இடது, வலது என்று மாற்றி மிதிக்க, தகடுகள் விசிறியாக வீச, படகு வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவு நளினமான பொருளுக்குப் பெரிய எதிரி ஆழமின்மைதான். தகடு தரையில் இடித்தால் அதைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். ஆழம் குறையும் முன்பே கைப்பிடியை இழுத்து மேலே தூக்கிவிட வேண்டும்.

மாப்பிள்ளை பேருந்து ஓட்டுநர். அருமையான மனிதர், அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். முதல் நாள் பின்னிருக்கையில் உட்கார்ந்து கீழே தேடிவிட்டு, “கிளட்ச் எங்க மச்சான்?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். பத்தாவது நிமிடத்தில் மணல்திட்டின் மேல் முழு வேகத்தில் ஏற்றினார். இடது தகட்டின் கம்பி வில்லாக வளைந்தது.

“ஒரு பெடல்தானே மச்சான், கிட்னியா என்ன?” என்றார்.

இரண்டு மாலைகள் பட்டறையில் உட்கார்ந்து அந்தக் கம்பியை நிமிர்த்தினேன். அடுத்த வாரம் பெடலைக் கழற்றாமலே படகைக் கரையில் இழுத்து, மீண்டும் அதே கம்பியை வளைத்தார். மீண்டும் நிமிர்த்தினேன். துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது தங்கை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “குழந்தைக்குத் தலை துவட்டுற மாதிரி துவட்டுறீங்களே அண்ணா, சளி பிடிச்சிடுமா?” என்றாள். சளி பிடிக்காது, துரு பிடிக்கும் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தம்ளர் தளும்பியது. எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை, ஐயா. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒரு சட்டம் போட்டேன். மாப்பிள்ளை முன்னிருக்கையில் அமர்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். மணல் தென்பட்டால் ‘தூக்கு’ என்று ஒரே சொல் சொல்ல வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காமல் நான் பெடலைத் தூக்கிவிடுவேன். என்னை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசாதவர் அவர், முதலில் கூசினார். ‘ங்க’ சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கம்பி வளைந்துவிடும் என்று விளக்கினேன். பிறகு அவருக்கு அது ஒரு சுகமாகவே ஆகிவிட்டது. படகில் இருக்கும் நேரம் மட்டும் மச்சானை அதட்டலாம் அல்லவா?

ஞாயிறு காலை கழிமுகத்தில் தண்ணீர் வற்றிக் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மிதவைச் சட்டையைக் கழற்றி மெத்தையாகப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தங்கைக்கு அனுப்பப் படம் எடுக்கிறேன் என்று எழுந்து நின்றார். பேருந்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, விழுந்தார். நான் தள்ளவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

அவருக்கு நீச்சல் அரைகுறை. மூச்சு வாங்கிக்கொண்டு படகின் அருகே வந்தார், கையை நீட்டினார், எதையோ பிடித்தார். பிடித்தது படகை அல்ல, இடது தகட்டை. எண்பது கிலோ மனிதர், இரண்டு முறை நிமிர்த்திய கம்பியில் தொங்கினார். அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார். நான் பெடலைத் தூக்கினேன். தகடு அவர் கையிலிருந்து சுலபமாக உருவிக்கொண்டு வந்தது.

துல்லியமாகச் சொல் என்கிறீர்கள். சரி. அவர் சொன்னது ‘தூக்கு’ அல்ல. “தூக்குங்க மச்சான், தூக்குங்க.” இரண்டு எழுத்துகள் கூடுதல். பெடலைத் தூக்கச் சொன்னால் அந்த எழுத்துகள் வரக் கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தான். வேறுபாட்டைக் கவனித்தேன், மனிதர் மரியாதைக்குத் திரும்பிவிட்டாரே என்று ஒரு கணம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

பெடல் மேலே இருந்ததால் படகு அவரைவிட்டு விலகியது. நீரோட்டம் அவரை ஆழத்தைக் காட்டும் மரக்கம்பத்தருகே கொண்டுபோய்விட, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெடலை மறுபடி இறக்கியிருக்கலாம். அவர் மறுபடி பிடித்திருப்பார். மிதவைச் சட்டையை வீசியிருக்கலாம் என்கிறீர்கள். அது பெடலுக்கு அடியில் இருந்தது. தூக்கி வைத்த தகடு படகின் விளிம்பில் உரசாமலிருக்க மெத்தென்று ஏதாவது வேண்டுமே. கையால் துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வந்தேன். எவ்வளவு பதமாக நடந்துகொண்டேன் என்பது உங்களுக்கு இதிலிருந்தே விளங்கும்.

கரையில், படகுக் கொட்டகைக்கு வெளியே, ஒரு குழாய் இருக்கிறது. உப்புநீர் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். எந்த மெக்கானிக்கும் இதை ஒப்புக்கொள்வார். கழுவினேன். துவட்டினேன். மூட்டுகளுக்கு கிரீஸ் வைத்தேன். நிழலில் தொங்கவிட்டேன். பிறகு உங்களை அழைத்தேன். மதியம் மாப்பிள்ளையைக் கண்டெடுத்தபோது நானும் ஒரு கை பிடித்தேன். தங்கை என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள். காலப்போக்கில் புரிந்துகொள்வாள் என்றுதான் நினைக்கிறேன். இடது கம்பி நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது.

கொட்டகைக் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்ததாக உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். உண்மைதான். அப்படிக் கழுவுவது தவறு. மெல்லிய தண்ணீரில்தான் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் மணல் மூட்டுக்குள் ஏறிவிடும். முதலில் மெல்லத்தான் திறந்தேன், ஐயா. ஆனால் அந்தக் கம்பம் கரையிலிருந்து அவ்வளவு தூரமில்லை. குழாயை மெல்லத் திறந்தால் அவர் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.