பெயர் தெரியாத தொழிலாளி

— உந்தப் படத்தைப் புத்தகத்திலை இருந்து எடு, அஜந்தினி. வேறை கதை வேண்டாம்.

— கோட்டைக் கழட்டிப்போட்டு இருங்கோ அப்பா. கோல்டிங்கிலை இருந்து ரெயில் ஏறி ஓகூஸ் மட்டும் வந்தது இதைச் சொல்லத்தானோ?

— ஓம். இதைச் சொல்லத்தான்.

— திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. எடுக்கேலாது.

— இருநூற்றி எழுபது பக்கத்திலை ஒரு படம். எடுத்தால் வானம் இடிஞ்சு விழுமோ?

— அப்ப, இருந்தாலும் இடிஞ்சு விழாதுதானே.

— விசர்க் கதை கதையாதை.

— விசர்க் கதை ஆர் கதைச்சது? அரபு நாட்டு மண்ணையே மிதிக்கேல்லை, மன்னாரிலை இருந்து நேரை டென்மார்க்குக்கு வந்தனான் எண்டு என்னைப் பேய்க்காட்டினது நீங்கள்தானே. ஓமானிலை சூர் எண்டொரு சின்னப் பட்டினத்தைப் பற்றி எழுதப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்?

— ஞாபகம் இல்லை.

— அது எங்கை கிடக்குது எண்டு கேட்டனீங்கள். ஐஞ்சு வருஷம், அந்த ஊர் எதை வித்து எதை வாங்கிச் சீவிச்சது எண்டு பழைய கடுதாசிக் கட்டுகளுக்குள்ளை தேடினனான். நீங்கள் அதே மேசையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள். கடைசியிலை, மரக்கலம் கட்டின முதலாளியின்ரை மகன் வீட்டுப் படங்களை அனுப்பினார். திறந்து பாத்தால் என்ரை அப்பா நிக்கிறார், மீசையோடை.

— அனுப்பினவனுக்கு வேறை வேலை இல்லை.

— படத்துக்குப் பின்னாலை அரபியிலை எழுதியிருக்குது, 'பஸ்தியானும் கூட்டாளியும், 1985' எண்டு. இன்னும் இல்லை எண்டு சொல்லப்போறீங்களோ?

— இல்லை எண்டு சொல்லேல்லை. எடு எண்டுதான் சொல்லுறன்.

— ஏன்?

— அகதி விசாரணையிலை நான் சொன்னது வேறை. எண்பத்தைஞ்சிலை மன்னாரிலை ஆமிக் காம்பிலை கிடந்தன் எண்டு சொன்னனான். உன்ரை புத்தகம் சூரிலை நிண்டனான் எண்டு சொல்லுது. பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைப் பறிக்கலாம் எண்டு சட்டம் இருக்குது. உனக்குத் தெரியாததே?

— அப்ப காம்பிலை பட்ட அடி?

— அடி உண்மை. அது எண்பத்தி மூண்டிலை.

— அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலை சொல்லி அழுதனான் நான். அதிலையும் வருஷத்தை மாத்தினனீங்கள்.

— நீயே எழுதியிருக்கிறாய்தானே. பிரிட்டிஷ்காரன் சோதிக்கக்கூடாது எண்டு சூர்க்காரர் தங்கடை கப்பலிலை பிரெஞ்சுக் கொடி கட்டினவை எண்டு. முப்பது பக்கம் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறாய். அவங்களுக்கு ஒரு ஞாயம், தேப்பனுக்கு ஒரு ஞாயமோ?

— நை, இல்லை அப்பா. அந்தக் கொடிக்குக் கீழை ஆக்களையும் ஏத்தினவை. ஆபிரிக்காவிலை இருந்து பிடிச்சுக் கொண்டுவந்து, வித்து, பேரையும் மாத்தினவை. அதையும் எழுதியிருக்கிறன். நான் ஒருத்தருக்கும் இரக்கப்படேல்லை.

— அது தெரியுது.

— எங்கை, எழுதினதிலை என்ன பிழை எண்டு சொல்லுங்கோ பாப்பம். அங்கை நிண்ட ஆள்தானே நீங்கள்.

— நாலாம் அதிகாரம். கப்பல் கட்டுற தொழில் மெல்ல மெல்லப் படுத்தது எண்டு எழுதியிருக்கிறாய். மெல்ல இல்லை. நான் போகேக்கை கரையிலை அரைகுறையாய் நாலு கப்பல் நிண்டது. மலையாளத்துத் தேக்கு மழை வெயிலிலை கிடந்தது. சுறா எண்ணெய் மணமும் காய வைச்ச சூடை மீன் மணமும். ஊர்ப் பெடியள் எல்லாம் மஸ்கட், குவைத் எண்டு சம்பளத்துக்குப் போட்டாங்கள். அவங்கள் விட்ட உளியை நாங்கள் எடுத்தம். பிறகுதானே காஸ் ஆலை வந்து பணம் வந்தது.

— இதை ஐஞ்சு வருஷத்துக்கு முன்னம் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு உதவி.

— சொல்லேலாது.

— அம்மாவுக்குத் தெரியுமோ?

— தெரியாமல்தான் போய்ச் சேந்தவ.

— வெக்கமாய் இருக்குது அப்பா. ஆற்றை பாஸ்போட்டிலை இஞ்சை வந்தனீங்கள்?

— தலை மாத்தின பாஸ்போட். படத்தை உரிச்சுப்போட்டு எங்கடை படத்தை ஒட்டுறது. அந்த நேரம் அரைவாசிச் சனம் அப்பிடித்தான், கிழக்கு பேர்லினாலை வந்தது. என்ரை சொந்தப் பாஸ்போட்டை ஏஜென்சிக்காரன் கொண்டு ஓடிட்டான்.

— சரி. பக்கத்திலை நிக்கிற மற்றவர் ஆர்?

— ஒருத்தன்.

— ஒருத்தன் எண்டால்? தோளிலை கை போட்டுக்கொண்டு நிக்கிறீங்கள்.

— செத்துப்போனான். கப்பலுக்கு முண்டு குடுத்த மரம் வழுக்கிச்சுது. கீழை நிண்டவன். அங்கையே தாட்டம்.

— பேர்?

— வேண்டாம்.

— மன்னார் ஆளோ? வேதக்காரரோ? ஒரு சிலுவையாவது வைச்சனீங்களோ?

— சிலுவை வைச்சால் பேர் எழுத வேணும். நான் வைக்கேல்லை.

— என்ன மனுசன் நீங்கள்? அவற்றை வீட்டுக்காவது ஒரு கடிதம்?

— எழுதேல்லை.

— ஒவ்வொரு தையிலும் செபஸ்தியார் திருநாள் வருது. பேர்கொண்ட புனிதற்றை நாள் எண்டு மற்ற ஆக்கள் கேக் வெட்டுகினம். நீங்கள் சாப்பிடாமல் ஒருசந்தி இருந்து, மெழுகுதிரி கொளுத்தி, செத்தவீடு மாதிரி இருப்பீங்கள். பக்தி எண்டு நினைச்சன். எல்லாம் நடிப்பு.

— அதை மட்டும் நடிப்பு எண்டு சொல்லாதை.

— சொல்லுவன். படம் புத்தகத்திலை இருக்கும். அட்டையிலை அஜந்தினி பஸ்தியாம்பிள்ளை எண்டு என்ரை பேரும் இருக்கும். கோல்டிங் கோயில் மண்டபத்திலை வெளியீடும் நடக்கும். மேர்சி அன்ரி றோல்ஸ் சுடுறன் எண்டு ஒப்புக்கொண்டிட்டா, தன்ரை தமையன்ரை பேரே உள்ள அண்ணையின்ரை மகளின்ரை புத்தகம் எண்டு.

— மேர்சியை இதுக்குள்ளை இழுக்காதை.

— ஏன்? உங்களை வாய் நிறைய அண்ணை எண்டு கூப்பிடுற மனுசி. அவவுக்காவது உண்மை பேசுவீங்களோ?

— மேர்சிக்குப் படத்தைக் காட்டினனியோ?

— காலமை போனிலை அனுப்பினனான். அவவின்ரை தமையனும் அந்த நேரம் அரபு நாட்டுப் பக்கம் போய்த்தானே காணாமல் போனவர். ஒருவேளை மற்ற ஆளை அடையாளம் தெரியுமோ எண்டு கேட்டு.

— என்ன சொன்னவ?

— பாத்திட்டா. ஒண்டும் எழுதேல்லை. நீங்கள் பெல் அடிக்கேக்கைதான் போன் எடுத்தவ. அப்பா அங்கையோ எண்டு கேட்டவ. இப்பதான் வாறார் எண்டன். ரெயிலாலை இறங்கிட்டன், வாறன் எண்டவ.

— படத்துக்குக் கீழை என்ன போட்டிருக்கிறாய்? வாசி.

— 'இடப்பக்கம் பஸ்தியாம்பிள்ளை, மன்னார். வலப்பக்கம் பெயர் தெரியாத தொழிலாளி.' அவ்வளவுதான்.

— எல்லையிலை டெனிஸ் பொலிஸ்காரன் நான் நீட்டின பாஸ்போட்டைத் திறந்து அதிலை கிடந்த பேரை வாசிச்சு, நீயோ எண்டு கேட்டான். பயத்திலை ஓம் எண்டு தலையாட்டினன். பிறகு திருத்த ஏலாமல் போட்டுது.

— பெல் அடிக்குது. அவவாய்த்தான் இருக்கும். என்ன சொல்லுறீங்கள், அப்பா?

— கதவைத் திற. நீ பேர் தெரியாது எண்டு போட்டிருக்கிறியே, அவன்தான் மேர்சியின்ரை தமையன், உண்மையான பஸ்தியாம்பிள்ளை.