வெந்நீர்த் தொட்டி வால்வு கத்தியது சம்பந்தமாக

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் நகர் காவல் நிலையத்தில் மனு விசாரணைக்காக 24.11.2025 அன்று காலை 11 மணிக்கு ஆஜரான தங்கப்பழம், வயது 47, த/பெ செல்லச்சாமி, காந்தி நகர் மூன்றாம் தெரு, சங்கரன்கோவில் என்பவர், தலைமைக் காவலர் ஞானபூரணம் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி வள்ளித்தாயுடன் குடியிருந்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பதினோரு வருடமாக பிளம்பர் வேலை செய்கிறேன். அதற்கு முன்பு பத்தொன்பது வருடம், இந்த மனுவைக் கொடுத்திருக்கும் சங்கரசுப்பிரமணியன் அவர்களின் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தேன். முதலில் தறி ஓட்டினேன், பிறகு தறி ஃபிட்டராக இருந்தேன். அவரை முதலாளி என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். மனுதாரர் என்று சொல்ல வேண்டும் என ஏட்டம்மா சொன்னதால் இனி அப்படியே சொல்கிறேன்.

மனுதாரருக்கு இடுப்பு வலி உண்டு. பெங்களூரில் இருக்கும் அவர் மகன் போன வருடத் தீபாவளிக்கு ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கி அனுப்பினார். அதை வீட்டு மாடியில் கண்ணாடி அறை கட்டி வைத்திருக்கிறார்கள். நாலு பேர் உட்காரலாம். மோட்டாரும் தண்ணீரைச் சூடாக்கும் பெட்டியும் தொட்டிக்கு அடியில் மரப்பலகைக்குப் பின்னால் இருக்கும். சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் துளைகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு உடம்பில் அடிக்கும். விளிம்பில் ஒரு கைப்பிடி உண்டு. அதை ஒரு பக்கம் திருப்பினால் முதுகுக்குத் தண்ணீர் வரும், மறுபக்கம் திருப்பினால் காலுக்கு வரும், நடுவில் வைத்தால் இரண்டுக்கும் பிரிந்து வரும். அப்படிப் பிரித்துவிடுகிற வால்வுதான் கத்தியது என்கிறார்கள்.

03.11.2025 திங்கட்கிழமை மாலை மனுதாரர் எனக்கு ஆள் விட்டதன் பேரில் நான் அங்கே போனேன். அவரும் அவர் மனைவி கோகிலாவும் மாடியில் இருந்தார்கள். மனுதாரர், "ஏலே தங்கப்பழம், கீச்சு கீச்சுனு ஒரே சத்தம்லே. மண்டைக்குள்ள ஊசி எறக்குத மாதிரி இருக்கு. பத்து நாளா நிம்மதி இல்ல. ஒன் பாம்புக் காத வச்சு என்னன்னு பாரு" என்று சொன்னார். தறிக்கூடத்தில் எனக்குப் பாம்புக் காது என்று பெயர் வைத்ததே அவர்தான். பதினாறு தறி ஒன்றாக ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்று, ஏழாவது தறியில் பாவு நூல் அறுந்துவிட்டது, பன்னிரண்டாவது தறியில் ஊடை நூல் கொண்டு ஓடும் நாடா தேய்ந்துவிட்டது என்று சொல்லுவேன். பார்க்க வருகிற வியாபாரிகளிடமெல்லாம் என்னை நிறுத்தி வேடிக்கை காட்டுவார்.

அதன் பிறகு மோட்டாரைப் போட்டார்கள். நான் பலகையைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரின் முனையை வால்வில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துப் பார்த்தேன். மோட்டாரின் அதிர்வு எலும்பில் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. நான், "சத்தம் ஒண்ணும் இல்லையே, மொதலாளி" என்று சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டுதான் நின்றிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உடனே சிரித்து, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். நல்லாத்தான் கத்துது" என்று பொய் சொன்னேன்.

எனக்குக் காது கேட்காது. முழுச் செவிடு இல்லை. ஆண் குரல் பக்கத்தில் பேசினால் கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், மேளம் கேட்கும். மெல்லிய குரலும் கீச்சென்ற சத்தமும் கேட்காது. குக்கர் விசில், செல்போன் மணி, பல்லி, குழந்தை சிணுங்குவது எதுவும் கிடையாது. தறியில் இருந்த கடைசி இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகப் போயிற்று. போக ஆரம்பித்தபோது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா என்று மனுதாரரிடம் கேட்டேன். "காத அடைச்சுக்கிட்டா நூலு அந்தது எப்படிலே தெரியும்? ஒன் காதுக்குத்தாம்லே சம்பளம் குடுக்கேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் அறைக்குள் உட்கார்ந்திருந்தார், நான் வாசலில் நின்றிருந்தேன். 2013-ல் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்து, கோடு போட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். போன காது திரும்பாது என்று சொன்னார்கள். அடுத்த வருடம் இடுப்பு வலி என்று சொல்லித் தறியை விட்டு நின்றேன். என் மனைவியைத் தவிர இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. மோட்டார் ஏன் இரைகிறது, சுவருக்குள் எந்தக் குழாய் கசிகிறது என்று பார்க்கத்தான் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். காது கேட்காதவனை யார் கூப்பிடுவார்கள்?

அதன் பிறகு, அதே தினம், நான் வால்வைப் பார்க்காமல் மனுதாரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். நடுவில் இருக்கும்போது அவர் பல்லைக் கடித்தார். முழுவதும் ஒரு பக்கம் போனபோது புருவம் இறங்கியது. சத்தம் நின்றுவிட்டது என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டேன். பதினோரு வருடமாக என் தொழில் இப்படித்தான் நடக்கிறது, வீட்டுக்காரர் முகம்தான் எனக்கு மீட்டர். கைப்பிடியை ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தொன்பது வருடம் பதினாறு தறிக்கு நடுவில் நின்றவனைக் கூப்பிட்டு, பத்து நாள் கீச்சுச் சத்தம் தாங்க முடியவில்லை என்கிறாரே என்று வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கமாக வைத்தால் காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மீண்டும் கூப்பிட்டதால் 07.11.2025 வெள்ளிக்கிழமை போனேன். வால்வைத் திறந்து பார்த்ததில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். அதன் பிறகு மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் என் பையில் இருந்த தறி கிரீஸைத் தடவினேன். இது நான் செய்த தப்பு. கத்துகிற இடத்தில் கிரீஸ் வை என்பதுதான் தறிக்கூடத்துப் பாடம், கை தானாகப் போய்விட்டது. அந்த ரப்பருக்கு அந்த கிரீஸ் ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மோட்டாரைப் போட்டதும் கைப்பிடி நடுவில் இருந்தும் மனுதாரரின் முகம் தெளிந்தது. "நான் சொல்லல? பாம்புக் காதுட்டி அவனுக்கு" என்று தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். என் தோளிலும் தட்டினார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் கழித்து, 19.11.2025 புதன்கிழமை பகல் சுமார் 3 மணிக்கு, கைப்பிடி அசையவே இல்லை, சத்தமும் முன்னைவிட அதிகம் என்று போன் வந்தது. போனை என் மனைவிதான் எடுத்துச் சொன்னாள். நான் போனபோது மனுதாரர் வீட்டில் இல்லை. கோகிலா அம்மாள் கதவைத் திறந்துவிட்டு, கீழே சேலைக் கட்டுகள் வைத்திருக்கும் குடோனுக்குப் போய்விட்டாள். மாடியில் நான் மட்டும் இருந்தேன். ரப்பர் வளையம் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. வேறு வளையம் கோயம்புத்தூரிலிருந்துதான் வர வேண்டும். மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினேன். கைப்பிடி இளகியது. அப்போதுதான் மூடி கீறல் விட்டிருக்க வேண்டும். காது உள்ளவனுக்கு டக்கென்று கேட்டிருக்கும்.

அதன் பிறகு பலகையை மூடி, மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் இரண்டு பக்கமும் நன்றாகப் பீறிட்டது. பார்த்துச் சொல்ல எதிரே ஒரு முகம் இல்லை. சத்தம் இருக்கிறதா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாமான்களைப் பைக்குள் அடுக்கினேன். அந்த நேரத்தில் கீறல் பிளந்து, பலகைக்கு உள்பக்கமாகத் தண்ணீர் கொட்டி, குழாய் போகிற துளை வழியாக நேராகக் கீழே குடோனில் இறங்கியிருக்கிறது. கோகிலா அம்மாள் கீழேயிருந்து நாலு தடவை கத்தியதாக மனுவில் இருக்கிறது. கத்தியிருப்பாள். எனக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த அம்மாள் படிக்கட்டுத் திருப்பம் வரை ஏறி வந்து ஏதோ சொன்னாள். தறிக்கூடத்தில் நாங்கள் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்ளுவோம், எனக்கு அது நன்றாக வரும். ஆனால் அவளுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் முகம் கறுப்பாகத் தெரிந்தது. வேலை முடிந்ததா என்று கேட்கிறாள் என்று நினைத்து, தலையை ஆட்டிச் சிரித்தேன். யார் என்ன சொன்னாலும் புரியாவிட்டால் தலையை ஆட்டிச் சிரிப்பது என் வழக்கம். அவள் கையை ஓங்கிக்கொண்டு மறுபடி ஏதோ சொன்னாள், நான் மறுபடியும் சிரித்தேன். அதன் பிறகு உள்ளங்காலில் வெதுவெதுப்பாகப் பட்டது. திரும்பிப் பார்த்தேன், அறை முழுவதும் தண்ணீர். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். நான் கீழே இறங்கியபோது சேலைக் கட்டுகள் நனைந்து சாயம் இறங்கி, குடோன் தரை சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. அந்த அம்மாள் அதன் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுகிறாள் என்பதும் கண்ணில் பார்த்ததால்தான் தெரிந்தது.

நான் வேண்டுமென்றே வால்வை உடைத்ததாகவும், கூப்பிடக் கூப்பிடச் செவிடன் மாதிரி நடித்ததாகவும், பார்த்துப் பார்த்துச் சிரித்ததாகவும், தறியை விட்டுப் போன வன்மத்தைத் தீர்த்துக்கொண்டதாகவும் மனுவில் எழுதியிருக்கிறார்கள். இன்று சார்பு ஆய்வாளர் அவர்கள் என்னிடம், காது கேட்கவில்லையா என்று கேட்டார்கள். மனுதாரர்தான் முந்திக்கொண்டு, "இவனுக்கா சார்? பாம்புக் காது சார். பதினாறு தறிக்குள்ள ஒரு நூலு அந்துபோனாக்கூட சொல்லிருவான். இவனுக்கா கேக்காது?" என்று எனக்காகச் சாட்சி சொன்னார். சார்பு ஆய்வாளர் அவர்கள், அப்படியானால் தெரிந்தேதான் செய்திருக்கிறாய், வழக்குப் போட வேண்டியதுதான் என்று சொல்லி, யோசித்துப் பதில் சொல்ல அரை மணி நேரம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் என் மனைவி, நான் மறைத்து வைத்திருந்த ஆஸ்பத்திரித் தாளைப் பையிலிருந்து எடுத்தாள். "செவிடன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் கூப்பிடமாட்டான் ஏட்டி" என்று நான் சொன்னேன். அதற்கு அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாய் நன்றாகத் தெரியும்படி, "செயிலுக்குப் போனவனை மட்டும் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். அதன் பிறகுதான் உள்ளே வந்து இதையெல்லாம் சொல்கிறேன். தாளையும் ஏட்டம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மனுவில் உள்ளதற்கு என் பதில். கிரீஸ் வைத்தது நான். ரெஞ்சு போட்டு மூடியைக் கீறியதும் நான். தெரிந்து செய்யவில்லை. வன்மம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் வன்மத்தைத் தீர்க்க நினைத்தவன் பதினோரு வருடம் காத்திருந்து சேலையை நனைக்க மாட்டான். செவிடன் மாதிரி நடித்தேன் என்று எழுதியிருப்பது தவறு. இத்தனை வருடமாகக் காது கேட்கிறவன் மாதிரிதான் நடித்தேன். அது இன்றோடு முடிந்தது, அநேகமாகத் தொழிலும் முடிந்தது. ஊருக்குள் செய்தி பரவ இந்த வாக்குமூலம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மனுதாரர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், அவரே போதும்.

இதை ஏட்டம்மா எனக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினார்கள். வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது என்று கடைசியில் எழுதுவது வழக்கமாம். அவர்கள் குரல் மெல்லிய குரல், எனக்குப் பாதிகூட எட்டவில்லை. கேட்டேன் என்று எழுதினால் இதிலும் நான் பொய் சொன்னதாகிவிடும். அதனால் அந்த வரியை அடிக்கச் சொல்லி, தாளைக் கையில் வாங்கி நானே வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை. மனுதாரருக்கு மட்டும் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

(ஒப்பம்) செ. தங்கப்பழம்
24.11.2025

என் முன்பாக,
(ஒப்பம்) ஞானபூரணம், தலைமைக் காவலர்