மாலை போட்ட ரிமோட்

ஹலோ... ஹலோ, சிவகணேஷா? ...நான் அனஸ் பேசுதேன். கட் பண்ணிராத! ஏலே, கட் பண்ணிராத, ரெண்டு தடவ பண்ணிட்ட... ஆமா, ஆமா, மூணு மாசத்துக்கு மைதானத்துப் பக்கமே வராதன்னு ஒன்ன வெளிய தள்ளின அதே அனஸ்தான். அந்தச் சண்டைய நாளைக்கு வச்சுக்கிடுவோம். இப்ப ஒரே ஒரு கேள்வி. ஒன் ரிமோட் எங்கன இருக்கு?

...விமான ரிமோட்டுதான் வே. டிவி ரிமோட்டயா போன் போட்டுக் கேப்பேன்?

...பூஜையிலயா?

...இன்னிக்கு ஆயுத பூஜை, தெரியும், ஊரே லீவு. சும்மா வச்சிருக்கியா, ஆன் பண்ணி வச்சிருக்கியா?

...சிவா, சுத்தி வளைக்காத. ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?

...யா அல்லாஹ்.

...லைட்டு எரிஞ்சாத்தான் லட்சணமா இருக்கும்னு யாரு சொன்னா? ...அம்மாவா. சரி. எப்ப ஆன் பண்ணுன? ...நாலரைக்கு. சரியா நாலரைக்கு. ஏ சங்கரி! அவன்தான்! சிவா ரிமோட்டுதான்! நீ கண்ண எடுக்காத, விமானத்தப் பாரு!

...ஒன்ட்டச் சொல்லல. இங்கன சங்கரிட்டச் சொல்லுதேன். பேங்க்ல வேல பாக்குதால்லா, அந்தச் சங்கரி. அவ கட்டுன மாடல் விமானம் ஆகாசத்துல கெடக்கு. நாலரைல இருந்து அவ பேச்சக் கேக்க மாட்டேங்கு. ஒன் பேச்சக் கேக்குது. ரெண்டு ரிமோட்டும் பழைய மாடல், ரெண்டும் பதினேழாம் சேனல். ரெண்டும் ஒண்ணா எரிஞ்சா விமானம் எதுக்குப் பக்கமோ அதுக்குத்தான் அடங்கும். ஒன் வீடு மைதானத்துக்கு மேக்க, காத்தும் மேக்க தள்ளுது, வீட்டப் பாத்து வந்துக்கிட்டே இருக்கு. புரியுதா?

...என்னது? ...விதியா? இப்பமா விதி பேசுத?

...ஆமா. மொத விதி. "பலகையிலுள்ள எண் கிளிப்பை எடுத்து மாட்டாமல் மைதானத்துக்குள் யாரும் ரிமோட்டை இயக்கக் கூடாது." ஆமா, "மைதானத்துக்குள்"னுதான் இருக்கு. நான்தான் எழுதுனேன். ஒன் வீடு மைதானம் இல்ல, நீ செஞ்சது குத்தம் இல்ல, போதுமா? பூஜையில வச்சு ஆன் பண்ணுவான் ஒருத்தன்னு எனக்குக் கனாவா வந்துச்சு?

...சரி, இன்னொண்ணும் கேட்டுக்கோ. ஒரு சேனலுக்கு ஒரே கிளிப்புதான, ஒன்ட்டருந்து பிடுங்குன பதினேழாம் நம்பர் கிளிப்ப இன்னிக்கு அவகிட்ட எடுத்துக் குடுத்ததே நான்தான். அவன்தான் வர மாட்டானேன்னு குடுத்தேன். தப்பு என் மேலதான். காலத் தொட்டுக் கேக்கேன், போயி ரிமோட்ட அணை.

...ஏன் முடியாது?

...மறுபூஜை முடியாம எடுக்கக் கூடாதா? யாரு, அம்மாவா? ...அதெல்லாம் எனக்குத் தெரியும் சிவா, அடுத்த வீட்டு சாமி காரியத்துல தலையிடுத ஆளா நான்? போன அம்மாட்டக் குடு. குடுலே!

அம்மா... அம்மா, நான் அனஸ். சிவா கூட்டாளி. ...ஆமாம்மா, ஜவுளிக் கடை ஹமீது பீவி மவன். ...நல்லாருக்காவ. ...முட்டு வலிதான், எண்ணெ தேச்சுக்கிடுதாவ. அம்மா, அம்மா, ஒரு அவசரம். பூஜையில ஒரு ரிமோட் இருக்குல்லா? ...தெரியும்மா, நாளைக்குக் காலைல மறுபூஜை. தூக்க வேண்டாம், நகட்டக்கூட வேண்டாம். ஒரே ஒரு சுவிச்சு...

...மாலையா? அதுக்கா? ...என்ன மாலை? ...செவ்வந்தி. எங்கன போட்டிருக்கீய? ...மேல ரெண்டு குச்சி நீட்டிக்கிட்டிருக்கும், அதுல எந்தக் குச்சி? ...வலது கைப் பக்கம். மாலை எந்தப் பக்கமா இழுத்துட்டுத் தொங்குது? பாத்துச் சொல்லுங்க.

...அதானே! அதான் சவம் வலது பக்கமாவே வட்டம் போடுது! பத்து நிமிஷமா நாங்க பேய் புடிச்சிட்டுன்னு நிக்கோம். அம்மா, நீங்க போட்ட மாலைதாம்மா விமானத்த ஓட்டுது! ...சிரிக்காதீய. சத்தியமா. ...சரிம்மா. நல்லது. மஞ்சத் துணியால கையத் தொடச்சிட்டுத்தான் தொடுவீயளா? எப்படியாவது அணச்சாச் சரி. நடுவுல ஒரு சின்ன சுவிச்சு இருக்கும், அதக் கீழ...

என்ன வே ஐயம்பெருமாள்? பைனாகுலர்ல என்ன தெரியுது? ...எங்கன? ...ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலயா? சங்கரி, ஒனக்குத் தெரியுதா? ...ஒண்ணுமே தெரியலயா? ஐயோ, மலைக்கு மேல வெயிலு நேரா கண்ணுல...

அம்மா! தொடாதீய! கைய எடுங்க! அணைக்காதீய! அம்மா, சுவிச்சுல இருந்து கைய எடுங்க!

...எடுத்துட்டீயளா? ...தொடலயே? ...லைட்டு எரியுதுல்லா? ...அப்பாடா.

...ஆமாம்மா, நான்தான் அணைக்கச் சொன்னேன். நான்தான் இப்ப வேண்டாம்ங்கேன். கோவப்படாதீய, போன சிவாட்டக் குடுங்க.

சிவா, கேளு. எனக்குக் கிறுக்குப் பிடிக்கல. ஒன் தெரு முக்குல ஆட்டோ ஸ்டாண்டுல இன்னிக்கு பூஜைதான? வாழ மரம் கட்டி, பொரிகடல குடுக்காங்கல்லா? எத்தன பேரு நிப்பாங்க? ...பிள்ளைங்களோட சேத்தா? ...நூறு பேரு. விமானம் இப்ப அவங்க தலைக்கு மேல நிக்கி.

...அணைச்சா என்ன ஆகும்னா கேக்க? சிக்னல் அந்து போனா இன்ஜின் தானா நிக்கணும்னு எல்லார் விமானத்துலயும் வச்சிருக்கோம்லா. பாதுகாப்புக்காக. நான் போட்ட மூணாவது விதி. நீ அணைச்ச நிமிஷம் இன்ஜின் நிக்கும், நேரா கீழ வரும். சங்கரி ரிமோட்டு அங்கன வரைக்கும் எட்டுமான்னே தெரியல, எட்டுனாலும் அவளுக்கு விமானமே தெரியல, வெயிலுக்குள்ள போயிட்டு. கண்ணுக்குத் தெரியாதத எப்படி ஓட்டுவா? ஆறு கிலோ, லே. மூக்குல ப்ரொப்பல்லர் சுத்துது. ஒரு பிள்ள கழுத்துல பட்டா...

...நம்ம கிளப்புக் கருத்தையா பைக்க எடுத்துட்டு ஆளக் கலைக்க வந்துக்கிட்டுத்தான் இருக்கான். பாலத்தச் சுத்தி வரணும், அஞ்சு நிமிஷம் ஆவும். ஸ்டாண்டுல ஒருத்தனும் போன எடுக்க மாட்டேங்கான், மைக் செட்டு அலறுது. அதனால நீதான்.

...'என்ன நீதான்'னா கேக்க? நீதான் ஓட்டணும். ரிமோட்ட எடுத்துட்டு மாடிக்கு ஏறு. அங்கருந்து ஒனக்குத் தெரியும். வெயிலு ஒன் முதுகுக்குப் பின்னால இருக்கும்.

...ஆமா, தடை போட்டவன் நான்தான்.

...ஆமா, அத்தன பேரு முன்னாலயும் சொன்னேன். வேடிக்க பாக்க வந்தவங்களுக்குக் கட்டுன கயித்துக்கு இந்தப் பக்கம், அவங்க தலைக்கு மேல விட்ட, அதான் சொன்னேன். திரும்பவும் விட்டாத் திரும்பவும் சொல்லுவேன். ஆனா அன்னிக்கு, அந்தக் காத்துல, அத ஒரு ஆணியும் களராம நீ எறக்கின பாரு... அத எவன்ட்டயும் நான் சொல்லல. இப்ப ஒன்ட்டச் சொல்லுதேன். இந்தக் கிளப்புல ஒன்ன மாதிரி எறக்க ஆளில்ல. போதுமா? இன்னும் கெஞ்சணுமா? கெஞ்சுதேன்.

...பொறு. அது என்ன சத்தம்? பின்னால. கீச்சு கீச்சுன்னு.

...கவுளியா? பல்லி கத்துதுங்கியா?

...கவுளி சொல்லுதுன்னு அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்களா? லே கூறுகெட்டவனே, அது பேட்டரிலே! ரிமோட்டு பேட்டரி செத்துக்கிட்டிருக்கு! எப்ப சார்ஜு போட்ட? ...நான் தடை போட்ட அன்னிக்கா. ஒரு மாசமா. எத்தன கோடு காட்டுது? ...ஒண்ணா? அதுவும் மினுங்குதா?

அப்ப ரெண்டு நிமிஷம். மூணு நிமிஷம்னு வை. பேச்ச விடு, எடு!

...நில்லு, நில்லு! மாலையச் சட்டுனு இழுத்திராத, குச்சி துள்ளும், விமானம் புரண்டுரும். மொதல்ல வலது கைப் பெருவெரல அந்தக் குச்சில வை. அப்படியே பிடி. அம்மாவ மாலைய எடுக்கச் சொல்லு, பைய. ...எடுக்காங்களா? அவங்களாவே வந்து எடுக்காங்களா? ...நல்லது. நல்லது. ஒன் பொண்டாட்டிய எங்க? போன அவங்கட்டக் குடு.

சித்ரலேகா மதினி? ஸ்பீக்கர்ல போடுங்க. அவன் ரெண்டு கையும் ரிமோட்டுலதான் இருக்கணும், நீங்க போனப் பிடிச்சிக்கிட்டே கூட ஏறுங்க. படில கால் தட்டாம... ஆமா, நீங்க முன்னால போயிக் கதவத் தெறங்க.

சங்கரி, ஒன் ரிமோட்ட அணை. ...நெசமாத்தான். ரெண்டும் எரிஞ்சாக் குழப்பம், அவன் ஒருத்தன்ட்ட மட்டும் இருக்கட்டும். ...எனக்குத் தெரியும்மா. அணை. ...அணச்சிட்டியா? காட்டு. சரி.

மதினி, மாடிக்கு வந்தாச்சா? அவனுக்குத் தெரியுதா? ...இடது இறக்கை செவப்பு, வலது இறக்கை மஞ்ச. ...பாத்துட்டானா? ...நீங்களும் பாத்துட்டீயளா? எவ்வளவு ஒசரம்? ...தென்ன மரத்துக்கு ரெண்டு பங்கு. எறங்கிட்டு. வட்டம் போடப் போட எறங்கிட்டு.

சிவா, மொதல்ல மூக்கத் தூக்கு. கொஞ்சம் வேகம் குடு. ...குடுத்தியா? அடங்குதா? சொல் பேச்சுக் கேக்குதா? ...அப்படிப் போடு! ஏ ஐயம்பெருமாள், கேக்குதாம்! நேராயிட்டாம்!

...எங்க எறக்கணும்னா? மைதானத்துக்குக் கொண்டு வராத. வேண்டாம் சிவா. ...முடியும், ஒன்னால முடியும், எனக்குத் தெரியும். ஆனா நடுவுல ஸ்டாண்டு, களக்காடு ரோடு, பெட்ரோல் பங்கு, இதெல்லாத்தையும் தாண்டணும். பாதில பேட்டரி போச்சுன்னா? ...வயக்காடா? கரண்டு கம்பி, இன்னிக்கும் நாத்து நடுத பொம்பளைங்க. வேற என்ன இருக்கு? ஒன் வீட்டுக்குப் பின்னால?

...குளம்.

தண்ணி கெடக்கா? ...எவ்வளவு? ...பாதிக் குளம் போதும். மதினி, நீங்க திரும்பிக் குளத்தப் பாருங்க. யாராவது குளிக்காங்களா? ...படித்துறையில? ...யாருமில்ல, எல்லாரும் பூஜைல. மடைப் பக்கம்? ...எருமையா? எத்தன? ...மூணு எருமை, மடைகிட்ட. நடுக் குளம் வெறுந் தண்ணிதான? சிவா, நடுக் குளம்.

...ஆமா, முக்கத்தான் சொல்லுதேன்.

...அவகிட்டயா? ...சரி. கேக்கேன். பொறு, ஆனா வட்டம் போடாத, குளத்தப் பாத்துத் திருப்பிக்கிட்டே இரு. சங்கரி... சங்கரி, இங்க பாரு. அவன் பத்திரமா எறக்க எடமில்ல. குளத்துல முக்கணும். இன்ஜின், எல்லாம் போயிரும். ...எட்டு மாசம் கட்டுன, எனக்குத் தெரியாதா? என் கடை மொட்ட மாடில வச்சுத்தான இறக்கைக்குத் துணி ஒட்டுன... சீக்கிரம் சொல்லும்மா.

...சிவா, அவ சரின்னு தலைய ஆட்டுதா. முக்கு.

...ஸ்டாண்டத் தாண்டிட்டா? ...தாண்டிட்டு! மதினி, ஒரு ஆளுகூட மேல பாக்கலயா? ...பாட்டுக் கேட்டுட்டு பொரி தின்னுட்டிருக்கான்! நல்லது, தின்னட்டும்.

...என்ன மதினி? கவுளிச் சத்தம் விடாம அடிக்குதா? விட்டு விட்டு இல்லயா? சிவா, முடியப் போகுது. வேகத்தக் கொற. கொற. மூக்கக் கீழ விடாத, தட்டையா... இறக்கை சாயாம... ஒன் வீட்டு மாடிக்கு மேலயா வருது? குனிங்க மதினி! கீழ உக்காருங்க! சிவா, நீ நில்லு, நீ பாத்துக்கிட்டே...

சத்தம் கேக்குது. எனக்கே கேக்குது. தலைக்கு மேல போகுது...

...

ஹலோ?

...

மதினி? இன்ஜின் சத்தத்தக் காணும். மதினி, பேசுங்க. ...என்ன ஆச்சு? யாராவது பேசுங்களேன். ரிமோட்டு அணஞ்சிட்டா? சிவா!

...தண்ணிக்குள்ளயா? ...நடுவுலயா, கரையிலயா? ...நடுவுல. பாத்தீயளா, ஒங்க கண்ணால பாத்தீயளா? ...ஆளு யாருக்கும்? ...ஸ்டாண்டுல? ...எருமைக்கு? ...எந்திரிச்சு ஓடுதா? ஓடட்டும், ஓடட்டும். அல்ஹம்துலில்லாஹ்.

சங்கரி, தண்ணியில. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ...ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லம்மா. நீ அழுதுக்கோ. ஐயம்பெருமாள், கருத்தையாவுக்குப் போன் போட்டு மெல்லமா வரச் சொல்லும், அவன் எங்கயாவது விழுந்து தொலைக்கப் போறான்.

மதினி, சிவாவ எங்க? ...நிக்கானா? ...என்ன செய்யுதான்? ...இன்னும் குச்சியப் பிடிச்சிக்கிட்டா?

...ஆட்டிக்கிட்டே இருக்கானா. லைட்டு அணஞ்ச பெறகுமா?

...நீங்க கூப்பிட்டாத் திரும்ப மாட்டானா? சரி, பயப்படாதீய. போன அவன் காதுல வைங்க.

சிவா. மாப்ள, நான்தான். எறக்கிட்டலே. முடிஞ்சிட்டு. விமானம் தண்ணிக்குள்ள போயிட்டு, ஒன் பேச்சக் கேக்க மேல ஒண்ணும் இல்ல. குச்சிய விடு.

...தெரியும். வெரலு விட மாட்டேங்கும். எனக்கும் அப்படித்தான். இந்தப் போனப் பிடிச்ச கை இறுகிப் போயிக் கெடக்கு, பிரிக்க முடியல. ...ம். ...ம். அழாத. சரி, அழு.

ஒண்ணு செய்வோம். நீ மொதல்ல ரிமோட்டக் கீழ வை. தரையிலயே வை. ...பைய. ...நான் எங்கயும் போகல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

...வச்சுட்டியா?

சரி. இப்ப நானும் வைக்கேன்.