வாசல் கேட்டின் கொண்டி

முத்துப்பேச்சியின் வீடு சுத்தமான வீடு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. என் பெயர் சத்யப்பிரியா. வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், பிள்ளைக் காப்பகங்களைக் கண்காணிக்கிற ஆபீசில். ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் பதினான்கு பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். வாளியில் தண்ணீர் நிற்கிறதா, மருந்து பிள்ளைகளின் கைக்கு எட்டுகிறதா, சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதவேண்டும். எந்த வீட்டிலும் ஏதாவது ஒன்று அகப்படும். முத்துப்பேச்சியின் வீட்டில் எழுத ஒன்றும் இருக்காது. அதனால்தான் என் மகள் கனகாவை அங்கே விட்டேன். அவளுக்கு இரண்டரை வயது.

நான் சொன்ன ஒரே குறை, வாசல் கேட்டின் கொண்டி தாழ்வாக இருந்தது. மறுநாளே உயரத்தில் மாற்றிவிட்டாள். "நீங்க சொன்ன உசரந்தானக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று என்னையே அதைப் போட்டுத் திறந்து பார்க்க வைத்தாள். அன்று எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு கனகா அவளைப் பேச்சிம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். மாலையில் அழைக்கப் போனால் வர மாட்டேன் என்று அடம். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கிப் போவேன். வாயில் வைப்பதற்கு முன்பே பாதியைப் பிய்த்துக்கொண்டு "பேச்சிம்மாக்கு" என்று உள்ளே ஓடுவாள். ஒரு நாள் என் கண் முன்னால் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் முத்துப்பேச்சியின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு வேறு பெயர் இல்லை.

வேறு இடத்தில் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டால் கனகா அவளைத் தேடுவாள். அவள் கெட்டவள் என்று ஆகவேண்டும், அப்போதுதான் மறப்பாள். அந்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை சோதனைக்குப் போனேன். வாளிகளையெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தாள். இருமல் மருந்துக்குக்கூடத் தாயிடம் எழுதி வாங்கி வைத்திருந்தாள். ஒரு குறையும் இல்லாததால் நானே ஒன்றை வைக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. கனகா என் கையை உதறிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். முத்துப்பேச்சி பின்பக்கம் ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "அக்கா, கொண்டியப் போட்டுட்டுப் போங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "போட்டுட்டேன்" என்றேன். போடவில்லை.

நான் நினைத்ததில் தப்பில்லை. கனகா என்னைத் தேடி வெளியே வருவாள். நான் தெருமுனையில் நின்று தூக்கிக்கொள்வேன். கேட் திறந்து கிடந்தது, பிள்ளை தெருவுக்கு வந்துவிட்டது என்று எழுதினால் போதும், அவள் வீட்டை மூடிவிடலாம். யாருக்கும் ஒரு கீறல் விழாது. ஆறு நிமிடம் நின்றேன். கேட் அசைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

வந்தது வல்லரசு. மில் வேலைக்குப் போகும் அழகுத்தாயின் மகன், இரண்டு வயது. ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தான். மில்லுக்கு ஆள் ஏற்ற வந்த வேன் தெருவுக்குள் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். கூப்பிடும் தூரம்தான். என் பிள்ளை இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. எந்தப் பிள்ளை வெளியே வந்தாலும் அறிக்கைக்கு ஒன்றுதான் என்று பிறகு தோன்றியது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது போன் வந்தது. வல்லரசு அந்த இடத்திலேயே இறந்துவிட்டான் என்றார்கள். அறிக்கை எழுத என்னையே அனுப்பினார்கள். வாசல் கேட்டின் கொண்டி போடப்படவில்லை என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முத்துப்பேச்சியை நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தபோது, என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதை நானும் கேட்டேன். "அக்கா கொண்டியப் போட்டுட்டுத்தான் போனாவ. அவிய மறக்கமாட்டாவ. பொறவு பால் வாங்குறப்ப நாந்தான் தொறந்து போட்டுட்டேன் போல." பிள்ளையைப் பறிகொடுத்த அழகுத்தாய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "பேச்சி தெரிஞ்சு செய்யமாட்டா சார், அவள விட்டுருங்க" என்கிறாள். என் வீட்டில் கனகா சாப்பிடாமல் கிடக்கிறாள், பேச்சிம்மா வேண்டுமாம். செய்யாத தப்புக்குக் கிடைக்கிற மன்னிப்பும் அவளுக்கேதான் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

கொண்டியைப் போடாமல் விட்டது நான். பையன் தெருவில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கனகாவின் பெயரையும் ஓர் இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பெற்றவள் ஆறு நிமிடம் நின்றேன். அவள் வந்திருந்தால் அந்தப் பையன் செத்திருக்க மாட்டான்.