இழுத்துப் போடுங்கள்

எலியாஸ்: …இரு ஜெனி, அவசரப்படாத. கையுறைய மவுஸால இழுத்து கட்டத்துல போட்டேன், திரும்பி ஓடியாந்துடுச்சி பாரு.

ஜெனிஃபா: தப்பான கட்டத்துல போட்டா அப்படித்தான். 'தோல் வெட்டுபவர் அணிய வேண்டியவை.' ரெண்டு காலி எடம். மொதல்ல காதடைப்பான், அப்பறம் கையுறை.

எலியாஸ்: யாரு சொன்னது? ஆம்பூர்ல தெனம் தோல் வெட்டுறவன் நானு. மொதல்ல கையுறைய மாட்னா உன் கம்ப்யூட்டர் என்ன வேலைய வுட்டு தூக்கிடுமா?

ஜெனிஃபா: அதான் எழுதியிருக்கேனே, மொதல்ல… அட, ஆமாங்க. எது எங்க வுழுந்தாலும் சரிதான். இருங்க, மாத்திடறேன்.

எலியாஸ்: அநியாயமா ஒரு மார்க் போயிருக்கும்.

ஜெனிஃபா: யாருக்கு?

எலியாஸ்: எழுதுறவங்களுக்குத்தான்… பாவம்.

ஜெனிஃபா: இன்னாங்க, இதெல்லாம் வெளிய சொல்லிடாதீங்க. நாளைக்கி உங்க ஃபேக்டரில பரீட்சை. ஒரே ஒரு சூப்பர்வைசர் போஸ்ட்டு. கேள்வி வெளிய போச்சுன்னா, பரீட்சை போட்டுக் குடுக்கற எங்க வேலூர் ஆபீஸ்ல எனக்கு சீட்டு கிழிஞ்சிடும்.

எலியாஸ்: நான் சொல்ற ஆளா? சும்மா செக் பண்ணித் தர்றேன். அடுத்தது போடு.

ஜெனிஃபா: சர்ச்சுலேர்ந்து வந்து சட்டகூட மாத்தாம உக்காந்துட்டீங்க. சாப்ட்டுட்டு பாக்கலாமே?

எலியாஸ்: சாப்பாடு எங்க போய்டும்? போடுன்றேன்ல.

ஜெனிஃபா: 'தழும்புள்ள தோலை ஷூவின் இந்தப் பகுதிக்கு வெட்டக் கூடாது.'

எலியாஸ்: முன்பகுதி. தழும்ப லேஸுக்கு அடில இருக்கற நாக்குல மறைக்கலாம். மூஞ்சில வந்துச்சின்னா ஜெர்மனிக்காரன் பெட்டியோட திருப்பி அனுப்பிடுவான். இந்தா, போட்டாச்சு. அடுத்ததும் போட்டாச்சு.

ஜெனிஃபா: இதுல கடைசி எடத்த படிக்கவே இல்லியே?

எலியாஸ்: எதுக்கு? நாலு எடம், நாலு வார்த்தை. மூணு போட்டா மிச்சம் இருக்கறது தானா வுழுது.

ஜெனிஃபா: கண்டுபுடிச்சிட்டீங்களா? அப்ப இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துடறேன்.

எலியாஸ்: ஏய், ஏய்… எதுக்கு ஜாஸ்தி பண்ற? நல்லாத்தான இருக்குது!

ஜெனிஃபா: உங்களுக்கு இன்னா வந்துச்சி?

எலியாஸ்: எனக்கு இன்னா… லியாகத் எழுதுறான். நம்ம தோஸ்த்து. பேஜாராய்டுவான்ல.

ஜெனிஃபா: அடேயப்பா, இவ்ளோ அக்கறையா! சேத்தாச்சு. இப்ப போடுங்க.

எலியாஸ்: …மவுஸ் உருண்டைல தூசி. நகர மாட்டேங்குது.

ஜெனிஃபா: மவுஸ் நல்லாதான் நகருது. நீங்கதான் நின்னுட்டீங்க.

எலியாஸ்: பேசாத… தோல் இழுபடற பக்கம் பாத்து… ரெண்டு ஷூவுக்கும் ஒரே பக்கமா… ஆங். பச்சை வந்துச்சா?

ஜெனிஃபா: வந்துச்சி. இருபதுக்கு பத்தொம்போது.

எலியாஸ்: பாத்தியா! சரி… நாளைக்கி இதே வரிசைலதான் வருமா?

ஜெனிஃபா: எதுக்கு?

எலியாஸ்: சும்மா… லியாகத்துக்கு.

ஜெனிஃபா: லியாகத் அண்ணன் எழுதலன்னு அவரு வீட்டு ஷஹீன் அக்கா சொல்லிட்டாங்க. யாரு எழுதறாங்கன்னும் சொல்லிட்டாங்க.

எலியாஸ்: …எப்ப?

ஜெனிஃபா: நீங்க பேர் குடுத்த அன்னிக்கே. மறுநாளே ஆபீஸ்ல 'எங்க வீட்டுக்காரர் எழுதுறாரு, இந்தப் பரீட்சை எனக்கு வேணாம்'னு கூட வேல செய்யற தானிஷ் கைல குடுத்துட்டேன். அவரு போட்டதுல ஒரு கேள்விகூட நான் பாக்கல. இது உங்களுக்குன்னு வீட்ல உக்காந்து நானா போட்டது. திருட வந்துட்டு எல்லாத்தையும் சொந்தமாவே போட்டுட்டீங்களே… எழுந்து சாப்ட வாங்க.