விருந்தாளின்னு எழுதியிருக்கு

பேனாவுக்கு என்ன ஆடிட்டர் தம்பி, எங்கிட்டயே இருக்கு. பேனா இல்லாமயா கையெழுத்துப் போட மாட்டேங்கிறேன்? மொதல்ல மோரக் குடிங்க. புதுக்கோட்டையிலேருந்து இந்த வெயில்ல வந்திருக்கீங்க. ஏசி காருன்னாலும் வெயில் வெயிலுதான. உப்பு பத்தலைன்னா சொல்லுங்க.

நான் எட்டாவதுதான் படிச்சது. ஆனா எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். நீங்க நீட்டுனத ரெண்டு தடவ படிச்சுட்டேன். தமிழ்லயே அடிச்சுக் கொண்டாந்தீங்க பாருங்க, அது ஒரு புண்ணியம். கீரமங்கலத்தில் வசிக்கும் திலகவதி ஆகிய நான்... அதுவரைக்கும் சரி. அது நாந்தான். அதுக்குக் கீழ பாருங்க. எனது மகன் சிவபிரகாஷ் மேற்படி வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையோ எண்ணமோ இன்றி, விருந்தாளியாக மட்டுமே தங்கியிருந்தார். விருந்தாளியாக. மட்டுமே.

இத எழுதுனது யாரு? நீங்களா, ஒங்க ஆபீஸ் பிள்ளைகளா?

சேச்சே, கோவமெல்லாம் இல்ல தம்பி. எனக்குக் கோவமே வராதுன்னு இந்தத் தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாக. கோவம் வந்தா சத்தமாப் பேசுவேன்ல? மெல்லத்தான பேசுறேன்.

புரியுதுங்க. புரியலைன்னு நெனச்சுக்கிட்டுத்தான் திரும்பத் திரும்பச் சொல்றீங்க. இருங்க, நானே சொல்றேன், சரியான்னு பாருங்க. அவன் துபாய்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. அங்க சம்பளத்துக்கு வரி கெடையாது. போன வருசம் எங்க வீட்டுக்காரவுகளுக்கு முடியாமப் போச்சுன்னு இங்கிட்டு வந்தான். வந்தவன் அரை வருசத்துக்கு மேல இருந்துட்டான். அவ்வளவு நாளு இருந்துட்டா நம்ம நாட்டுச் சட்டப்படி அவன் இங்க குடியிருக்கிறவன். அப்ப அவன் வாங்கி வச்சிருந்த கிரிப்டோ காச எங்க வச்சு வித்திருந்தாலும் இங்க வரி. நூத்துக்கு முப்பது. அந்த நாட்டுக்காரனும் எங்க ஆளுங்கிறான், இந்த நாட்டுக்காரனும் எங்க ஆளுங்கிறான். ரெண்டு பேரும் சொந்தங் கொண்டாடுனா, ஆளுக்கு வீடு எங்க இருக்குன்னு பாப்பாக. அதுனால இங்க அவனுக்கு வீடே இல்லைன்னு பெத்தவ எழுதிக் குடுத்துட்டா வரி போயிரும். சரியாச் சொன்னேனா? பாத்தீங்களா. எட்டாவதுக்கு இது போதாதா?

அதான், அதுலதான் வந்து நிக்கிறேன். வீடு இல்லைன்னு எழுதுறதுக்கு.

விருந்தாளின்னா யாரு தம்பி? காப்பி குடுத்து, எலை போட்டு, வெத்தலையக் கையில குடுத்து பஸ் ஏத்தி விடுவோம், அவுகதான விருந்தாளி? ஒங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிய மூத்திரப் பை மாத்தச் சொல்லுவீங்களா? இவன் அவுங்கப்பாவுக்கு மாத்துனான். அவுக கூச்சப்படுவாக. பெத்த மகன் கிட்டயா அப்படின்னு மூஞ்சியத் திருப்பிக்குவாக. இவன் பாட்டுக்கு ஏதாச்சும் கிரிக்கெட்டப் பேசிக்கிட்டே மாத்திருவான். முதுகுல புண்ணு வந்திராம ராத்திரியெல்லாம் பொரட்டிப் பொரட்டிப் படுக்க வச்சான். பகல்ல லேப்டாப்ப மடியில வச்சு வேலை. நடுவுல போர் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, மெக்கானிக்கோட மல்லுக்கு நின்னான். கடேசில மொட்டை போட்டு, கொள்ளி வச்சு, சாம்பலை எடுத்துட்டுப் போயி கோடியக்கரையில கரைச்சுட்டு வந்தான். அதுக்கப்புறந்தான் துபாய்க்குத் திரும்பிப் போனான். இப்படி ஒரு விருந்தாளி ஒங்களுக்குத் தெரிஞ்சவுக யாரு வீட்டுக்காச்சும் வந்திருக்காகளா? எனக்கும் அட்ரஸக் குடுங்க.

சிரிக்கிறீங்க. சிரிங்க. அதுக்குத்தான சொன்னேன்.

எண்ணமோ இன்றி அப்படின்னு வேற எழுதியிருக்கீங்க. அவன் எண்ணம் என்னன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? கஜா புயல்ல நம்ம தோப்புல ஒரு தென்னை மிச்சமில்ல தம்பி. பூராம் வேரோட சாஞ்சு, பாக்கச் சகிக்கல. அவுக ஒரு மாசம் அந்தப் பக்கமே போகல. இவன் அப்பத்தான் வேலைக்குச் சேந்தான். மொத சம்பளத்துல சட்டை எடுக்கல, போன் வாங்கல. தென்னம்பிள்ளை வாங்கி அனுப்புனான். இன்னைக்குப் போயிப் பாருங்க, குலை தள்ளி நிக்கிது. ஊருக்குத் திரும்பி வர எண்ணம் இல்லாதவன் எவனாச்சும் தென்னம்பிள்ளை வப்பானா?

இது சும்மா பார்மாலிட்டிதான்னா, ரொம்ப நல்லதாப் போச்சு. விருந்தாளி இல்லைன்னு சும்மா இன்னொரு பேப்பர் அடிச்சுக் கொண்டாங்க, ஒடனே போடுறேன்.

அந்தக் காசக் காட்டுடான்னு ஒருநா கேட்டேன். போன்ல காமிச்சான். காசும் இல்ல ஒண்ணுமில்ல, ஒரு கோடு. ஏறுது, எறங்குது. திருச்சி ஆஸ்பத்திரில அவுக தலைமாட்டுல ஒரு டிவி வச்சிருந்தாக, அதுலயும் அதே கோடு. இவன் நடுவுல ஒக்காந்துக்கிட்டு அந்தக் கோட்டப் பாக்குறதும் இந்தக் கோட்டப் பாக்குறதுமா இருந்தான். எந்தக் கோட்டப் பாத்து மூஞ்சி வாடுதுன்னு எனக்குத் தெரியாது. நான் கண்ண மூடிக்கிட்டு எங்க ஊருச் சாமி மெய்நின்ற நாதரக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் அந்தக் காசுல பாதிய வித்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுனான்.

ஆமா, எதுக்கு வித்தாருன்னு சட்டம் கேக்காது, வித்தாரான்னுதான் கேக்கும். அதையும் போன தடவையே சொன்னீங்க. மிச்சத்தக் குடுத்து வேற காசு மாத்துனான்ல, அதுவும் வித்த கணக்கு. கையில ஒரு பைசா வராமயே லாபம். கோழியக் குடுத்துட்டு ஆடு வாங்குனா, ஆடு இன்னும் குட்டியே போடல, அதுக்குள்ள லாபத்துல பங்கு எங்கன்னு வந்து நிக்கிறாப்ல. அந்த ஆடு செத்துப் போனாலும் குடுத்த பங்கு திரும்பாது. அப்படித்தான? நல்ல சட்டம்.

தம்பி, வரி கட்டக் கூடாதுன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? பேரூராட்சிக்கு வீட்டு வரி, தண்ணி வரி, வருசா வருசம் அவுக ஞாபகப்படுத்துறதுக்கு முன்னாடி நான் போயிக் கட்டிருவேன். இவன் வரியும் கட்டட்டும். கொறைக்கிறதுக்கு நாயமா ஒரு வழி இருந்தா அதச் செய்யுங்க, அதுக்குத்தான ஒங்களுக்குப் பீஸு. தவணையில கட்டுறதுன்னா தவணை கேளுங்க. தோப்ப விக்கணும்னா விப்போம், எம் பேர்லதான் இருக்கு. ஆனா எம்புள்ளைக்கு எங்கிட்ட எடமில்லைன்னு எழுதிக் குடுத்து வர்ற லாபம் எனக்கு வேணாம். வெடிஞ்சு எந்திரிச்சா வெளக்கேத்திச் சாமி கும்பிடுற கை இது. இதுல கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கு எப்படிக் கும்பிடுறது? எதச் சொல்லிக் கும்பிடுறது? எம்மகன் நல்லா இருக்கணும்னா? சாமி கேக்காதா, எந்த மகன், அந்த விருந்தாளியான்னு?

வைஷ்ணவி கிட்டயும் பேசிட்டீங்களா? பேசுவீக. எம்மக திருச்சில பேங்க்ல இருக்கிறவ, அவளுக்குச் சட்டமெல்லாம் தெரியும். காலையில போன்ல அவளும் இதத்தான் சொன்னா. அம்மா, எல்லாரும் செய்றதுதாம்மா, போட்டுக் குடுத்துரும்மான்னா. ஒம் மாமியார் வீட்டுல உன்னைய விருந்தாளின்னு எழுதிக் கையெழுத்து வாங்குனா நீ சும்மா இருப்பியாடின்னு கேட்டேன். வச்சுட்டா.

அவனே ஒத்துக்கிட்டுத்தான் மெயில் அனுப்பியிருக்கானா? அனுப்பியிருப்பான். ரெண்டு மாசத்துக்கு முந்தி அனுப்பியிருப்பான். அப்ப அவன் வேற ஆளு. அந்த ஊருல முப்பதாவது மாடியில நின்னுக்கிட்டு எழுதியிருப்பான். அங்கேருந்து பாத்தா கீரமங்கலம் எங்க தெரியப் போகுது.

யாருக்குப் போன் போடுறீங்க, அவனுக்கா? வேணாந் தம்பி, இப்பப் போடாதீங்க.

துபாய்ல இப்ப மணி என்னன்னு எனக்கெதுக்கு. அந்தப் போன் துபாய்ல அடிக்காது. இந்தா, இந்தக் கதவுக்கு அங்கிட்டு அடிக்கும். உள்ள தூங்குறான்.

ஆமா, சிவபிரகாஷ்தான். போன வாரமே வந்துட்டான். யாருகிட்டயும் சொல்லாதேன்னு கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டான், வைஷ்ணவிக்குக் கூடச் சொல்லல. வேலை போயிருச்சு, கம்பெனில பாதிப் பேர அனுப்பிட்டாகளாம். மாத்தி வச்ச காசும் போச்சு. அந்தக் கோடு எறங்குனது எறங்குனதுதானாம், ஏறவே இல்லையாம். ரூமக் காலி பண்ணிட்டு, மூணு நா ஏர்போர்ட்டுலயே ஒக்காந்திருந்திருக்கான் தம்பி. என்ன நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். வந்ததுலேருந்து சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சுட்டு எந்திரிச்சிருவான். ராத்திரி எப்பப் பாத்தாலும் முழிச்சுக்கிட்டு இருப்பான். இன்னைக்குத்தான் கண்ணசந்தான்.

எந்திரிக்கட்டும், நானே ஒங்களுக்குப் போன் போட்டுக் குடுக்குறேன். எவ்வளவு கட்டணும், எப்பக் கட்டணும்னு சொல்லுங்க. அந்தப் பேப்பர மட்டும் அவன் கண்ணுல காட்டிறாதீங்க.

வந்த அன்னைக்கு வெடியக்காலம் வாசக் கேட்டத் தட்டுனான். தொறந்தா, தோள்ல ஒத்தப் பையி, தாடியும் அதுவுமா நிக்கிறான். என்னடான்னேன். எங்க போறதுன்னே தெரியலம்மான்னான். எங்க போறதுன்னு தெரியாதவன்தான் திருச்சில எறங்கி, அந்த இருட்டுல பஸ் மாறி மாறி, நேரா இந்த வாசல்ல வந்து நின்னானாக்கும்?