சுவரில் மாட்ட ஒரு படம்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவர் மடியில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒரு கட்டு.

"சூரியன் இருக்கற படத்தையெல்லாம் எடுத்துடுங்கோ," என்றார் மூத்தவர்.

இளையவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டு நாளா உக்காந்து பிரிச்சேன் டீச்சர். இயற்கை, குடும்பம், பண்டிகை. அதுலயும் சந்தோஷம் தனி, சோகம் தனி. ஸ்கேல் வெச்சு வரைஞ்சது, வெக்காம வரைஞ்சதுன்னு ஸ்டைல் வேற பாத்தேன்."

"நாளன்னிக்கு நம்ம ஸ்கூல்லதான் ஓட்டுப் போடறா. சுவத்துல எந்தக் கட்சிச் சின்னமும் இருக்கப்படாதாம்."

"ரெண்டு மலை, நடுவுல சூரியன். எல்லாப் பிள்ளையும் அதத்தானே வரையும்?"

"அதான் சொல்றேன்."

"சரி, இந்தக் குளம்?"

"தாமரை இருக்கே."

"அப்பா ஆபீஸ் போறது?"

"சைக்கிள்ல போறாரே."

"டாட்டா காட்டுற பாப்பா?"

"கை தெரியறது."

"இந்தச் செடி?"

"இலை எத்தனைன்னு எண்ணுங்கோ."

"...ரெண்டு."

நான் இறங்க வேண்டிய மந்தைவெளி போய்விட்டது. நான் இறங்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. தாள் முழுக்கக் கறுப்பு கிரேயான்.

"இதுல எந்தச் சின்னமும் இல்ல டீச்சர். இதையாவது மாட்டிடலாம்."

மூத்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னது இது?"

"'எங்க வீட்டுல கரண்ட் போச்சு'ன்னு எழுதியிருக்கான்."

"ஐயையோ! ஆளுங்கட்சிக்காரா சண்டைக்கு வந்துடுவா. முதல்ல அத உள்ள வைங்கோ."